கையைக் கட்டிப்போட்டுப் பேசச் சொன்னவர்கள்

1880 செப்டம்பரில், காதுகேளாத குழந்தைகளுக்கு எப்படிப் பாடம் சொல்லித்தருவது என்று முடிவு செய்ய இத்தாலியின் மிலான் நகரில் ஒரு மாநாடு கூடியது. வந்தவர்கள் 164 பேர். அவர்களில் காதுகேளாதவர் ஒரே ஒருவர், அமெரிக்க ஆசிரியர் ஜேம்ஸ் டெனிசன். மற்றவர்களுக்குக் காது நன்றாகத்தான் இருந்தது, கேட்கத்தான் மனசில்லை. சைகையைவிடப் பேச்சே உயர்ந்தது என்ற தீர்மானம் 160க்கு 4 என்று நிறைவேறியது. இரண்டையும் சேர்த்துக் கற்பித்தால் பேச்சு கெட்டுவிடும், ஆகவே பேச்சு மட்டும் போதும் என்றது அடுத்த தீர்மானம்.

தெரியாமல் செய்தார்கள் என்று சொல்லாதீர்கள். அதற்கு நூறாண்டுக்கு முன்பே பாரிஸில் பாதிரியார் து லெப்பே சைகையில் பாடம் நடத்தினார். அவர் தொடங்கிய பள்ளியில் படித்த லோரான் க்ளேர், தானே காதுகேளாதவர், தாமஸ் கேலடெட்டுடன் அமெரிக்கா போய் 1817இல் ஹார்ட்ஃபோர்டில் பள்ளி திறந்தார். நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். நன்றாக ஓடுகிற ஒன்றை, பயன்படுத்துறவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்காமல் நிறுத்தினால் எங்கள் தொழிலில் வேலை போய்விடும். மிலானுக்குப் பிறகு வேலை போனது காதுகேளாத ஆசிரியர்களுக்கு. பேசத் தெரியாதவர் பேச்சை எப்படிக் கற்பிப்பார் என்று வெளியே அனுப்பினார்கள். பல பள்ளிகளில் சைகை செய்த பிள்ளையின் கைமேல் அடி விழுந்தது.

உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வது அவ்வளவு சுலபமா? கண்ணாடி முன் நின்று சத்தமில்லாமல் ‘பாலை’ என்று சொல்லுங்கள். பிறகு ‘மாலை’ என்று சொல்லுங்கள். உதட்டில் ஏதாவது வித்தியாசம் தெரியுதா? மொழியே இன்னும் அறியாத மூன்று வயசுப் பிள்ளை இதைப் பார்த்துத்தான் ஒரு முழு மொழியைக் கற்க வேண்டும் என்றார்கள். ஓர் ஒலியை உச்சரிக்கவே மாதக்கணக்கில் பயிற்சி. கணக்கும் வரலாறும் அந்த நேரத்தில் காணாமல் போயின.

‘சிலர் ஜெயித்தார்களே?’ என்பார்கள். ஜெயித்தார்கள். வாய்மொழிக் கல்விக்குப் பெரிய வக்கீலான கிரஹாம் பெல்லின் மனைவி மேபல் உதடு படித்தே உரையாடினார். ஆனால் அவருக்குக் காது போனது ஏறக்குறைய ஐந்து வயதில், பேசப் பழகிய பிறகு. ஏற்கெனவே மொழி உள்ளவரைக் காட்டி, மொழியே இல்லாத குழந்தையை மடக்குவது மோசடி.

1960இல் வில்லியம் ஸ்டோக்கி, அமெரிக்கச் சைகை மொழிக்குத் தனக்கென அமைப்பு உண்டு என்று காட்டினார். 1980களில் நிகரகுவாவின் மனாகுவாவில், வகுப்பறை ஸ்பானிய மொழியை உதட்டசைவில் புகட்டப் பார்த்துத் தோற்றது. அதே பிள்ளைகள் மைதானத்திலும் பள்ளிப் பேருந்திலும் தாங்களே ஒரு புதிய சைகை மொழியைப் படைத்துவிட்டார்கள். மிலான் தீர்மானத்துக்கு அதே மாநாட்டு வரிசை வருத்தம் தெரிவித்தது 2010இல், வான்கூவரில். 130 வருஷம்!

முடிந்த கதைதானே என்று விட்டுவிட முடியவில்லை. காக்ளியர் கருவி பொருத்திய குழந்தையின் பெற்றோரிடம், ‘சைகை பழக்காதீங்க, பேச்சு வராது’ என்று சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கருவி வையுங்கள், பேச்சுப் பயிற்சியும் கொடுங்கள், நான் எதிர்க்கவில்லை. ஆனால் பேச்சு வருமா வராதா என்று தெரியவே வருஷங்கள் ஆகும். அதுவரை அந்தக் குழந்தை எந்த மொழியில் பசிக்குது என்று சொல்லும், எதில் கனவைச் சொல்லும், எதில் ‘ஏன்’ என்று கேட்கும்? அந்த வருஷங்களை யாராலும் திருப்பித் தர முடியாது. இன்றைக்கே சைகையைக் கற்றுக்கொடுங்கள். நீங்களும் கற்றுக்கொள்ளுங்கள்.