எலிக்கு யார் மாத்திரை கொடுக்கிறார்கள்?

மொரப்பூரைச் சுற்றியுள்ள கொல்லைகளில் நிலக்கடலை பிடுங்கி முடிந்ததும், வரப்பில் எலிவளை தோண்டுவது சிறுவர்களுக்கு ஒரு விளையாட்டு. எலி சேர்த்து வைத்த கடலைக்காயும் கிடைக்கும் அல்லவா? அப்படித் தோண்டிவிட்டு மண்காலோடு வந்த ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் என்னைக் கேட்டான்: "சார், எலி காலம் பூரா மண்ணுலதான் கிடக்குது. அதுக்கு யாரு சார் பூச்சி மாத்திரை குடுக்கறாங்க? அது நல்லாத்தானே ஓடுது? எங்களுக்கு மட்டும் எதுக்கு?"

நான் இயற்பியல் கற்பிப்பவன். என்றாலும் கேள்வி என்னை விடவில்லை. தேடிப் படித்ததில், பையன் சொன்னதில் பாதி உண்மை என்று தெரிந்தது. மற்றப் பாதிதான் ஆபத்தானது.

முதலில் உண்மையான பாதி. நிப்போஸ்ட்ராஞ்சைலஸ் பிரசிலியென்சிஸ் என்று எலிக்கு ஒரு புழு உண்டு. அதன் இளம்புழு தோலைத் துளைத்து உள்ளே நுழையும். இரத்தத்தோடு நுரையீரலுக்குப் போகும். அங்கிருந்து தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுச் சிறுகுடலை அடையும். செருப்பில்லாத நம் காலில் ஏறும் கொக்கிப்புழுவும் இதே வழியில்தான் பயணம் செய்கிறது. ஆனால் ஆய்வுக்கூட எலியின் குடலில் இப்புழு நிலைப்பதில்லை. ஏறத்தாழ இரண்டு வாரங்களில் எலி அதனை வெளியேற்றிவிடுகிறது. எப்படி? தடுப்பாற்றல் செல்கள் இன்டர்லூக்கின்-13 போன்ற செய்திப் பொருள்களைச் சுரக்கின்றன. உடனே குடற்சுவர் கோழையை மிகுதியாகச் சுரக்கிறது. உட்படலச் செல்கள் விரைவாக உதிர்ந்து புதியவை முளைக்கின்றன. குடல் தசை வலுவாகச் சுருங்குகிறது. வழுக்கும் தரையில், அதுவும் நகரும் தரையில், ஒருவன் நிற்க முயன்றால் என்ன ஆகும்? புழுவுக்கு நேர்வதும் அதுவே.

இதைக் கேட்டால், "அப்படியானால் இயற்கையே பார்த்துக்கொள்ளும்" என்று சொல்லத் தோன்றும். இங்கேதான் எனக்கு மறுப்பு இருக்கிறது.

இயற்பியல் பாடநூலில் உராய்வற்ற தளம் ஒன்று வரும். கணக்குப் போட அது வசதி. ஆனால் அந்தத் தளத்தில் யாரும் மாட்டு வண்டி ஓட்டியதில்லை. கூண்டில் வளரும் வெள்ளைச் சுண்டெலி உயிரியலின் உராய்வற்ற தளம். வேளைக்கு உணவு, மாறாத வெப்பநிலை, பூனையில்லை, பாம்பில்லை. அமெரிக்காவில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட சோதனையைப் பாருங்கள். ஒரே மரபினச் சுண்டெலிகளில் சிலவற்றை ஆய்வுக்கூடத்திலேயே வைத்தார்கள். சிலவற்றை வேலியிட்ட திறந்த வெளியில் விட்டார்கள். இரு கூட்டத்துக்கும் சாட்டைப்புழுவின் முட்டைகளைக் கொடுத்தார்கள். உள்ளே இருந்தவை புழுவை எளிதாக விரட்டின. வெளியே விடப்பட்டவையோ, சில வாரங்களிலேயே அந்த ஆற்றல் குன்றிப் புழுக்களை அதிகமாகச் சுமந்தன. பரம்பரை அதேதான், மாறியது வாழ்க்கை. ஆகவே எதிர்ப்பாற்றல் என்பது பிறக்கும்போதே சட்டைப்பையில் வைத்துக் கொடுக்கப்படும் பணமன்று.

நம் வரப்பு எலி நன்றாக ஓடுகிறது என்றான் மாணவன். ஓடும் எலியைத்தான் அவன் பார்த்தான். ஓடமுடியாததை ஆந்தை முன்பே கொண்டுபோயிருக்கும். இயற்கை தேர்ந்தெடுக்கிறது என்று நாம் அழகாகச் சொல்கிறோம். தேர்வில் தவறியவை என்ன ஆயின என்று கேட்பதில்லை. எலிக்கு அது கட்டும். ஆண்டில் பல ஈற்று, ஈற்றுக்குப் பல குட்டி. நம் வீடுகளில் அந்தக் கணக்கைப் போட யார் ஒப்புவார்கள்?

இன்னொன்று. புழுக்கள் எல்லா உடலிலும் சமமாகப் பங்கிட்டு வாழ்வதில்லை. கிராஃப்டன் என்ற அறிஞர் 1971-லேயே இதனைக் கணித முறையில் விளக்கினார். எலிக் கூட்டமானாலும் மனிதக் கூட்டமானாலும், பெரும்பாலோரிடம் சில புழுக்களே இருக்கும். ஒரு சிலரிடம் மிகப் பல இருக்கும். சராசரி என்பது இங்கே ஏமாற்றும் எண். உங்கள் வகுப்பில் அந்த ஒரு சிலர் யார்? முகத்தைப் பார்த்துச் சொல்லமுடியாது. அதனால்தான் எல்லோருக்கும் மாத்திரை கொடுக்கிறார்கள். 2015 முதல் நடந்துவரும் தேசியக் குடற்புழு நீக்க நாளில் அல்பெண்டசோல் 400 மி.கி. மாத்திரையை வாங்கிக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, பின்பு ஜன்னல் வழியே துப்புகிறவர்களும் உண்டு என்று எனக்குத் தெரியும். துப்பியவர் அந்த ஒரு சிலரில் ஒருவராகவும் இருக்கலாம்.

மனிதக் குடலில் கொக்கிப்புழு இரண்டு வாரத்தில் விடைபெறுவதில்லை, ஆண்டுக்கணக்கில் தங்கும். நெகேட்டர் வகைப் புழு ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.03 மி.லி. இரத்தம் குடிக்கும். நூறு புழுக்கள் இருந்தால் மாதத்துக்கு 90 மி.லி. ஆகிறது. இது யாருடைய பரீட்சை மதிப்பெண்ணிலிருந்து கழிகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

ஆனால் மாத்திரையோடு கதை முடிந்தது என்பாருடனும் எனக்கு உடன்பாடில்லை. மாத்திரை உள்ளே இருக்கும் புழுவைக் கொல்லும். நாளை நுழையப்போவதைத் தடுக்காது. இங்கிலாந்தில் காட்டு எலிகளைப் பிடித்து மருந்து கொடுத்து விட்டபோதும், சில வாரங்களில் புழுக்கள் திரும்பி வந்தன. ஊத்தங்கரை, சிங்காரப்பேட்டை தாண்டினால் வரும் ஜவ்வாது மலையிலும், திமிரி வட்டாரத்திலும் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியினர் பெரிய சோதனை ஒன்றை நடத்தினார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டுமன்றி, ஊரில் எல்லா வயதினருக்கும் மருந்து கொடுத்தால் புழுப் பரவலையே நிறுத்த முடியுமா என்பது அவர்களது கேள்வி. பிள்ளைக்கு மருந்து கொடுத்துவிட்டு, கொல்லைக்குப் போகும் அப்பாவை விட்டுவிட்டால், மண்ணில் புழு மிஞ்சத்தானே செய்யும்? கழிப்பறையும் செருப்பும் இதனால்தான் மருந்துக்குச் சமம்.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை ஸ்காட்லாந்தில் நடந்தது. 2021-இல் வெளிவந்தது. காட்டில் வாழும் எலிகளுக்குச் சத்துள்ள தீனியை வைத்தார்கள். தின்ற எலிகளின் குடலில் புழுக்கள் குறைந்தன. அதுமட்டுமா? புழு மருந்தும் அவற்றில் கூடுதலாக வேலை செய்தது. கோழை சுரக்கவும் செல்லைப் புதுப்பிக்கவும் புரதம் வேண்டும். வெறும் வயிறு எதைக்கொண்டு போராடும்? எலியில் கண்டதை அப்படியே மனிதன்மேல் ஏற்றக்கூடாதுதான். உராய்வைப் பற்றி இவ்வளவு பேசிய நானே அதை மறக்கலாகாது. ஆனால் பிள்ளைக்கு வயிறார உணவு கொடுக்க அந்த நிரூபணம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

1982-இல் விரிவுபடுத்தப்பட்ட சத்துணவுத் திட்டத்தையும், அதில் பின்னர் சேர்ந்த முட்டையையும் சிலர் இன்னும் தருமம் என்றே பேசுகிறார்கள். என் கருத்தில் அது நோய்த்தடுப்பின் ஒரு பகுதி. 2022-இல் காலை உணவுத் திட்டம் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்காகத் தொடங்கப்பட்டது. அது உயர்நிலைப் பள்ளிக்கும் வேண்டும். முதல் பஸ்ஸைப் பிடிக்க, காலையில் ஒரு டம்ளர் காபியோடு கிளம்பி மொரப்பூருக்கு வரும் பிள்ளைகளை நான் தினமும் பஸ் நிறுத்தத்தில் பார்க்கிறேன்.

மாணவனிடம் இத்தனையும் சொன்னேன். கேட்டுக்கொண்டவன், "அப்படின்னா கடலைக்காய் தின்ன எலிக்குப் பூச்சி கம்மியா இருக்குமா சார்?" என்றான். நல்ல கேள்விதான். எலிக்காய்ச்சல் என்று ஒன்று இருக்கிறது, வெறுங்கையால் எலியைத் தொடாதே என்று சொல்லி, முதலில் கைகால் கழுவிவிட்டு வரச் சொன்னேன்.