நடுவயதில் ஒரு புதுத்தொழில்

40 ஆண்டு கடந்தோர் தொழில் மாறுதல் தகுமோ என வினவுவார் உளர். மருத்துவக் குறியீட்டுத் தொழிலை நோக்குங்கால், தகும் என்பதே எம் துணிபு.

இத்தொழிலாவது, மருத்துவர் எழுதிய குறிப்பை முற்றும் படித்து, நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய குறிகளை இடுதலாம். அமெரிக்க மருத்துவமனைகளின் பொருட்டுச் சென்னையிலும் பலர் இதனைச் செய்கின்றனர். இரண்டாம் வகை நீரிழிவு வேறு சிக்கலின்றி இருப்பின் ஈ11.9, அதனால் சிறுநீரகம் நாட்பட்ட நோயுற்றிருப்பின் ஈ11.22, அதனோடு அந்நோயின் நிலை காட்டும் என்18 வரிசைக் குறியும் வேண்டும். குறி பிழைபடின் காப்பீட்டார் பணம் மறுத்தலும் கூடும். நோயாளியின் வரலாறும் பொய்ப்படும். ஆதலின் இதற்கு ஊன்றிப் படிக்கும் பொறுமை இன்றியமையாதது. பல்லாண்டு நோயாளரோடு பழகிய செவிலியரிடத்தும், மருந்துச் சீட்டுகளைப் படித்துப் பழகிய மருந்தாளரிடத்தும் அப்பொறுமை முன்னரே உளது.

எனினும் இடர் ஒன்று உண்டு. அமெரிக்காவின் ஏ.ஏ.பி.சி. என்னும் அமைப்பு நடத்தும் 100 வினாக்கொண்ட சி.பி.சி. தேர்வில் வென்றோரும், போதிய தொழிற்பழக்கத்திற்குச் சான்று காட்டுமளவும் ‘பயில்வோர்’ என்னும் அடைமொழியைத் தாங்கல் வேண்டும். நரை கண்டவர் இளைஞர் அருகே மாணாக்கராய் அமர்தல் எளிதன்று. முதலில் ஊதியமும் குறையக்கூடும். இவற்றை மறைத்துச் ‘சில திங்களில் வேலை’ என விளம்பரஞ் செய்வோர், குடும்பந் தாங்குவோர்க்குத் தீங்கே இழைக்கின்றனர்.

மெய்யை முன்னரே உரைத்தல் பயிற்றுவோர் கடன். பழைய அறிவை மதித்து இடந்தருதல் நிறுவனத்தார் கடன். ‘இவ்வயதில் ஏன்?’ என நகையாது அவரோடு ஒரு பலகையில் அமர்ந்து பயிறல் இளையோமாகிய நம் கடன்.