நாகப்பட்டினத்து வாசல்

குடும்பத்தோடு ஸ்காட்லாந்து போகிற நம்மவர்களுக்கு ஒரு மாமூல் வழி உண்டு. எடின்பரோ கோட்டை, ஹாரி பாட்டர் படத்தில் ரயில் ஓடிய கிளென்ஃபின்னன் பாலம், பூதம் வசிப்பதாகச் சொல்லப்படும் நெஸ் ஏரி, ஸ்கை தீவு. பிறகு வீடு. குறை சொல்வதற்கில்லை. ஆனால் கையில் ஒரு நாள் மிச்சம் இருந்தால், இன்வர்னெஸ் நகரிலிருந்து ஏ-9 சாலையைப் பிடித்து வடக்கே போங்கள் என்பேன். பூதமும் இல்லை, ரயிலும் இல்லை என்று பின் ஸீட்டில் முனகல் கேட்கும். பொருட்படுத்த வேண்டாம்.

கார் ஓட்டுவதில் பெரிய சிரமமில்லை. நம் ஊர் போலவே இடது பக்கம். சுற்றுலா போனவர் இந்திய லைசென்ஸிலேயே ஓட்டலாம். தூரம் மட்டும் மைல் கணக்கு. பிரதான சாலையை விட்டு இறங்கினால் பல இடங்களில் ஒரு கார் போகிற அகலம்தான். ஒதுங்கி நிற்க ஆங்காங்கே இடம் விட்டிருப்பார்கள். நாம் ஒதுங்கினால் எதிரே வருபவர் கையை லேசாக உயர்த்திவிட்டுப் போவார். ஹாரன் சத்தமே கிடையாது. இரண்டு நாளில் நம் கையும் தன்னால் உயரத் தொடங்கிவிடுகிறது.

ஊர்தான் வருவதில்லை. மலை, ஓடை, புல், ஆடு, மறுபடி மலை. "என்னப்பா, மனுஷங்களே இல்லையா இங்கே?" என்றாள் என் மகள். ஹைலண்ட் நிர்வாகப் பகுதியில் சதுர கிலோமீட்டருக்குப் பத்துப் பேர்கூட இல்லை. 2011 கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் 555 பேர். குளிரும் பாறை நிலமும்தான் காரணம் என்று நினைக்கத் தோன்றும். அது பாதிதான் உண்மை. மீதிக் கதையை இந்தச் சாலையே சொல்கிறது.

இன்வர்னெஸ்ஸிலிருந்து அரை மணி நேரத்தில் ஃபைரிஷ் குன்று வருகிறது. பைன் காட்டின் வழியே ஏறி இறங்க இரண்டு மணி நேரம். உச்சியில் காற்றில் தனியாக நிற்கிறது வளைவுகளும் தூண்களுமாக ஒரு கல் கட்டடம். நாகப்பட்டினத்துக் கோட்டை வாசலை மாதிரியாக வைத்துக் கட்டியது என்கிறார்கள். கட்டுவித்தவர் சர் ஹெக்டர் மன்றோ. சென்னையில் குதிரைமேல் உட்கார்ந்திருக்கும் தாமஸ் மன்றோ வேறு. இவர் 1764இல் பக்ஸார் போரை வென்றவர். 1780 செப்டம்பரில் காஞ்சிபுரத்தில் படையோடு இருந்தும், பக்கத்தில் பொள்ளிலூரில் ஹைதரும் திப்புவும் பெய்லியின் படையை நொறுக்கியபோது உதவிக்குப் போய்ச் சேராதவரும் இவரே. பிறகு பெரிய பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டுக்குப் பின்வாங்கினார். மறுவருடம் டச்சுக்காரர்களிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்ததும் அந்தக் களங்கம் மறைந்தது போலும். நினைவுச் சின்னம் வென்ற ஊருக்குத்தானே? காஞ்சிபுரத்துக் குளத்துக்கு அங்கே சின்னம் எதுவும் இல்லை.

இந்தியாவில் சேர்த்த பணத்தோடு ஊர் திரும்பிய மன்றோ, வேலையில்லாமல் தவித்த சுற்றுவட்டார மக்களுக்குக் கூலி கிடைக்கட்டும் என்று இதைக் கட்டவைத்தாராம். கூலி நாட்கள் கூடட்டும் என்று மேலே ஏற்றிய கற்களை அவரே உருட்டிவிட்டதாகவும் உள்ளூரில் ஒரு கதை. நம் பஞ்ச நிவாரண வேலைகளை நினைவூட்டும் கதை. அப்படிப் பார்த்தால் கர்னாடகத்துச் சண்டைகளில் கிடைத்த காசும் ஸ்காட்லாந்துப் பசியும் இந்தக் குன்றின்மேல் சந்தித்திருக்கின்றன.

வேலை ஏன் போயிற்று? ஆட்டு ரோமத்துக்கு நல்ல விலை வந்தது. பல குடியானவர்கள் தரும் வாரத்தைவிட ஒரே ஒரு ஆட்டுப் பண்ணைக்காரர் தரும் குத்தகை அதிகம். நிலச் சொந்தக்காரர்களுக்குக் கணக்கு எளிதாக இருந்தது. 1792இல் இந்த வட்டாரத்து மக்கள் ஒன்றுசேர்ந்து ஆயிரக்கணக்கான ஆடுகளை எல்லைக்கு வெளியே ஓட்டிப் பார்த்தார்கள். ராணுவம் வந்தது. கேலிக் மொழியில் அதை 'ஆடுகளின் ஆண்டு' என்றே சொல்கிறார்கள்.

இன்னும் வடக்கே, கோல்ஸ்பி ஊருக்கு மேலே மற்றொரு குன்றில் சதர்லண்ட் கோமகனின் பிரம்மாண்டமான சிலை. பல மைல் தூரம் தெரிகிறது. நன்றியுள்ள குடியானவர்கள் எழுப்பியது என்று பீடத்தில் எழுதியிருக்கிறது. அவரும் அவர் மனைவியும் தங்கள் ஜமீனின் உள் பள்ளத்தாக்குகளிலிருந்து ஆயிரக்கணக்கானோரைக் கிளப்பிக் கடற்கரைக்கு அனுப்பினார்கள். 1814இல் ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கில் வீடுகளுக்குத் தீ வைக்கப்பட்டது. அதைச் செய்வித்த காரியஸ்தர் பேட்ரிக் செல்லர்மீது 1816இல் வழக்கு நடந்து விடுதலையும் ஆனார். காலியான நிலத்தை ஆடு மேய்க்கக் குத்தகைக்கு எடுத்திருந்தவரும் அவரேதான். கடற்கரையில் மீன்பிடித் தொழில், சாலை, புதிய ஊர்கள் என்று முன்னேற்றத் திட்டமாகவே இதை ஜமீன் தரப்பு விளக்கியது. சாலைகள் வந்தது உண்மைதான். அணைக்காகவும் சுரங்கத்துக்காகவும் கிராமங்கள் எழுப்பப்படுவதைப் பார்த்துப் பழகிய நமக்கு அந்த விளக்கத்தின் தொனி புதிதல்ல. சிலையை இடிக்க வேண்டும் என்று 1990களில் கோரிக்கை எழுந்தது. சிலை இன்னும் நிற்கிறது.

வெளியேறியவர்களுக்கும் ஒரு சிலை உண்டு, ஹெல்ம்ஸ்டேல் ஊரில். 2007இல் வைத்தது. அப்பா, பையன், கைக்குழந்தையோடு அம்மா. அம்மா மட்டும் விட்டுவந்த பள்ளத்தாக்கைத் திரும்பிப் பார்க்கிறாள். எங்கள் காரிலிருந்து முனகல் எதுவும் வராத நிறுத்தம் இதுதான்.

அங்கிருந்து சில மைல் தூரத்தில் பேட்பே. பக்கத்துப் பள்ளத்தாக்குகளிலிருந்து துரத்தப்பட்ட குடும்பங்கள், யாருக்கும் வேண்டாத கடலோரச் செங்குத்துச் சரிவில் கல் வீடு கட்டிக்கொண்டு வாழ்ந்த இடம். வீசுகிற காற்றில் மாடு கன்றுகளோடு பிள்ளைகளையும் கயிற்றால் கட்டிவைப்பார்களாம், கடலுக்குள் விழாமலிருக்க. சிலர் நியூசிலாந்துக்குக் கப்பலேறினார்கள். கடைசி ஆள் கிளம்பியது 1911இல். மிச்சமிருப்பவை இடுப்பளவுச் சுவர்கள், ஊர்க்காரர் ஒருவரின் மகன் நியூசிலாந்திலிருந்து எழுப்பிய ஒரு கல் தூண், அதில் சில பெயர்கள்.

சாலையோரத்திலேயே காரை நிறுத்த இடம் இருக்கிறது. அங்கிருந்து கால் மணி நேர நடை. பாதை குறுகல், நல்ல ஷூ போட்டுக்கொள்ளுங்கள், குழந்தைகளின் கையை விடாதீர்கள்.