பீரோவுக்குள் தூங்கும் ரிவால்வர்

நம்மூரில் லைசென்ஸோடு துப்பாக்கி வைத்திருக்கிற பெரியவர்களிடம், "கடைசியா எப்போ சுத்தம் பண்ணீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். "சுட்டாத்தானேப்பா அழுக்காகும்?" என்பார்கள். பிச்சாட்டூரில் இருக்கிற எங்க பெரியப்பாவும் அதையேதான் சொன்னார். கான்பூர் அரசுத் தொழிற்சாலையில் செய்த .32 ரிவால்வர், தோல் உறையோடு பீரோவுக்குள் வருஷக்கணக்காகத் தூங்குகிறது.

சுடாத துப்பாக்கியும் கெடும் என்பதுதான் விஷயம். ஐப்பசி, கார்த்திகை மழைக்காற்றின் ஈரத்தைத் தோல் உறை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். இரும்பு துருப்பிடிக்கும், பழைய எண்ணெய் பிசினாக இறுகும். அதனால் உறை வேறு, துப்பாக்கி வேறாகத்தான் வைக்க வேண்டும்.

சுத்தம் செய்வது பெரிய வித்தை இல்லை. முதலில் தோட்டாக்களை எடுத்து வேறு அறையில் வைத்துவிட்டு, ஆறு அறைகளும் காலியா என்று கண்ணாலும் விரலாலும் பார்க்க வேண்டும். அப்புறம் குழலையும் ஆறு அறைகளையும் கரைப்பான் தொட்ட பிரஷ்ஷால் தேய்த்து, துணி அழுக்கில்லாமல் வரும்வரை துடைக்க வேண்டும். எல்லாரும் மறக்கிற இடம், காலித் தோட்டாவை வெளியே தள்ளும் நட்சத்திரத் தகடு. அதன் அடியில் துளி அழுக்கு தங்கினாலும் தகடு சரியாக உட்காராது, உருளை சுழலாமல் இறுகிவிடும். கடைசியாகத் துப்பாக்கி எண்ணெயை மெலிசாகப் பூசினால் போதும். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், பிசுக்காகிவிடும். எண்ணெய் அதிகமாகித் தோட்டாவின் பிரைமருக்குள் இறங்கினால் அது வெடிக்காமலே போகலாம். உள் பாகங்களைக் கழற்றுவது மட்டும் லைசென்ஸ் உள்ள ரிப்பேர்காரர் வேலை.

சரி, இதை அங்கே யார் செய்வது? பெரியப்பாவுக்கு 74 வயசு, கை நடுங்குகிறது. பிள்ளைகள் நாங்கள் டல்லாஸிலும் துபாயிலும். ஊர் வீட்டுக்கு கேமரா மாட்டுகிறோம், இன்வெர்ட்டர் வாங்கித் தருகிறோம், இதை மட்டும் யாரும் கேட்பதில்லை. 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு லைசென்ஸை 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பித்தால் போதும். காகிதம் புதுசாகிறது, ரிவால்வர்?

என் கருத்து இதுதான்: பராமரிக்க ஆள் இல்லாத ரிவால்வர் பாதுகாப்பு இல்லை, வெறும் கௌரவம். வேண்டியபோது வெடிக்காது, பேரப்பிள்ளை கையில் கிடைத்தால் வெடித்துத் தொலைக்கும்.

வழி இருக்கிறது. லைசென்ஸ்தாரருக்கு 70 வயசானாலோ, துப்பாக்கியை வாங்கி 25 வருஷமானாலோ, அவர் உயிரோடு இருக்கும்போதே வாரிசு தன் பேருக்கு லைசென்ஸ் கேட்கலாம் என்கிறது 2016 ஆயுத விதிகள். ஊரில் பொறுப்பான ஆள் இருந்தால் அப்படிச் செய்யுங்கள். இல்லையென்றால் போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் பெற்ற டீலரிடமோ ஒப்படைக்கச் சொல்லுங்கள். பெரியவர் காலமான பிறகு லைசென்ஸ் இல்லாமல் அது வீட்டில் கிடந்தால், 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம். துக்க வீட்டில் அதுவும் ஒரு தலைவலியா?

எங்க பெரியப்பா இன்னும் சம்மதிக்கவில்லை. "இருக்கட்டும்டா, ஒரு தைரியம்" என்கிறார். நானும் விடுவதாக இல்லை. உங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது பேச்சை எடுங்கள்.