தூங்கினால் அறையும் துரை

பயிற்சி வகுப்பில் பிள்ளைகளைச் சேர்க்கக் கோட்டா நகருக்கு வரும் நம்மவர்கள், தங்குமிடம், சோறு, கட்டணம் ஆகிய மூன்றையும் விசாரித்துவிட்டு அடுத்த வண்டியைப் பிடிப்பதே வழக்கம். சற்று நேரம் மிஞ்சினால், சம்பல் நதிக்கரையிலுள்ள பிருஜ்ராஜ் பவனைக் கண்டு வரலாம். ஆங்கிலேயப் பிரதிநிதிக்கென எழுந்த அம்மாளிகை, பிற்காலத்தில் கோட்டா அரச குடும்பத்தார் கைக்கு வந்து விடுதியாயிற்று.

அங்கே ஒரு பேய் உண்டென்பது ஊரறிந்த செய்தி. அது எவரையும் பிடித்து ஆட்டுவதில்லை, பலியும் கேட்பதில்லை. நள்ளிரவில் பிரம்பும் கையுமாக வளைய வருமாம். காவற்காரன் கண்ணயர்ந்தாலோ, புகை பிடித்தாலோ, கன்னத்தில் ஓர் அறை! இரவு முறையில் பேரேட்டின்மேல் தலை சாய்த்த அனுபவம் நமக்கும் உண்டாதலின், கேட்டவுடன் நம் கன்னத்தைத் தடவிக்கொண்டோம்.

பேயின் பெயர் மேஜர் சார்ல்ஸ் பர்ட்டன். கோட்டாவின் அரசியல் பிரதிநிதியாக இருந்தவர். நாடெங்கும் கிளர்ச்சி மூண்ட 1857ஆம் ஆண்டு, நீமச்சிலிருந்து அக்டோபரில் திரும்பினார். சில தினங்களுக்குள், 15ஆம் தேதி, கோட்டாச் சமஸ்தானத்துப் படையினரே மாளிகையைச் சூழ்ந்துகொண்டனர். தம் இரு புதல்வருடன் மேல்மாடியில் ஒதுங்கிய பர்ட்டன், மணிக்கணக்கில் உதவியை எதிர்நோக்கியிருந்தார். உதவி வரவில்லை, மூவரும் மாண்டனர். பெற்ற பிள்ளைகளை அருகில் வைத்துக்கொண்டு கழித்த அந்த நேரத்தை எண்ணினால், பகைவனாயினும் நெஞ்சு கனக்கிறது. அரசகுலத்து மூதாட்டி ஒருவர், அவ்வுருவைத் தாமே கண்டதாக 1980இல் ஆங்கிலப் பத்திரிகையாளரிடம் கூறினாராம்.

எனினும் ஒன்று நம்மை உறுத்துகிறது. கிளர்ச்சியை நடத்திய லாலா ஜெயதயாளும் மெஹ்ராப் கானும் பின்னர் பிடிபட்டுத் தூக்கிலிடப்பட்டனர். 1858 மார்ச்சில் ஆங்கிலப் படை நகரை மீட்டபோது மடிந்த சிப்பாய்களும் பலர். அவர்களும் அகாலத்தில் போனவர்களே. அவர்களில் ஒருவரேனும் இரவில் உலவுவதாக நாம் கேட்டோமில்லை. பேயாகும் உரிமையும் துரைக்குத்தான் போலும்! காவற்காரன் உறங்கலாகாது என்று விரும்பிய எந்த எசமானன் முதலில் இக்கதையைக் கட்டினானோ?

நமது நிலையத்தில் நெடுங்காலம் இரவுக் காவல் பார்த்த முதியவரிடம் இதனைச் சொன்னோம். அவர் சிரிக்கவில்லை.

"அந்தத் துரை, பகலில் தூங்க இடம் ஏதேனும் காட்டினாரா, பாபு?" என்று கேட்டுவிட்டு, விளக்கை எடுத்துக்கொண்டு சரக்குக் கொட்டகைப் பக்கம் நடந்தார்.