கணக்கு கங்காணி வீட்டுச் சொத்தா?

தானா ராத்தாவிலும் அதனைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களிலும் வாழும் நம் பெற்றோரிடம், "உங்கள் பிள்ளைக்குக் கணக்கு வருமா?" என்று கேட்டால், பலரும் நெற்றியைத் தொட்டுக் காட்டுகிறார்கள். வருவதும் வராததும் தலையெழுத்தாம்! சரஸ்வதி பூசையன்று கணக்குப் புத்தகத்துக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு, அன்று முழுவதும் அதைத் திறக்கலாகாதென்று கட்டளையிடும் பெற்றோர், மற்ற நாட்களில் ஒரு நாளேனும் பிள்ளையோடு அமர்ந்து அதைத் திறந்ததுண்டா என்று நாம் கேட்கிறோம்.

இவ்வச்சம் எங்கிருந்து வந்தது? தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி ஓதப்பட்ட காலத்தில், முந்திரி என்பது 320-இல் ஒரு பங்கு, காணி 80-இல் ஒன்று, மா 20-இல் ஒன்று என்று நுணுக்கமாய்ப் பயின்றவர் கணக்கர் வீட்டுப் பிள்ளைகளும் நிலமுடையார் பிள்ளைகளுமே. நெல்லை அறுத்துக் குவித்தவன் பிள்ளைக்குத் திண்ணையில் இடமில்லை. கடல் கடந்து மலாயாவுக்கு வந்த பின்னும் கதை மாறவில்லை. கங்காணி ஆளுக்கு இவ்வளவு என்று தலைக்காசு பெற்றான். கிராணி செக்ரோலில் பெயர் குறித்தான். உழைத்தவனுக்குத் தெரிந்தது கைநாட்டு ஒன்றே. 1938-இல் இந்திய அரசாங்கம் தடை விதித்ததும் கங்காணியின் ஆள்பிடிப்பு ஒழிந்தது. கணக்கு நமக்குரியதன்று என்னும் அடிமைப் புத்தி மட்டும் ஒழியவில்லை.

பள்ளி இல்லாமலில்லை. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட முதலாளி பள்ளி வைக்கவேண்டுமென்று 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டமே விதித்தது. 1929-இல் போ தோட்டம் தொடங்கப்பெற்றது அச்சட்டம் வந்த பிறகுதான். ஆனால் பள்ளி வாயிலில் பிள்ளையை விட்டதும் தம் கடமை தீர்ந்ததென்று பெற்றோர் கொண்டனர். இப்பொழுது அதற்கு மேல் டியூஷன் என்றொரு காணிக்கையும் சேர்ந்திருக்கிறது.

"2003-இல் கணக்கை ஆங்கிலத்தில் நடத்தினார்கள், நாங்கள் என்ன செய்வோம்?" என்பர் சிலர். அன்று அது நியாயமான ஆட்சேபணையே. 2012 முதல் படிப்படியாய்த் தமிழ்ப்பள்ளியில் கணக்கு தமிழுக்கு மீண்டதே. அதன் பிறகும் வாளாவிருப்பதற்குச் சமாதானம் யாது? இடைநிலைப் பள்ளியில் மலாய்மொழியில் படிக்கப்போகிற பிள்ளைக்கு வீட்டுத் தமிழ் எதற்கு என்பாருக்கும் ஒன்று சொல்வோம். அரைக்கால் என்னும் சொல்லைப் பாருங்கள். காலில் பாதி என்று அச்சொல்லே பொருளை விளக்கிவிடுகிறது. தாய் ஒரு தோசையை நான்காகக் கிழித்து, ஒரு துண்டை மீண்டும் இரண்டாக்கிக் காட்டினால் பின்னத்தில் பாதிப் பாடம் முடிந்தது. பொருள் விளங்கிய பிள்ளை அதனை எம்மொழியிலும் எழுதிக்கொள்ளும்.

வாய்ப்பாட்டை ஒப்பிக்கச் செய்து பிரம்பைக் காட்டுவதை நாம் கற்பித்தல் என்று சொல்லவில்லை. ஏழெட்டு மறந்த பிள்ளை, ஏழேழு நாற்பத்தொன்பது, அதனோடு இன்னுமோர் ஏழு என்று தானே கண்டுகொள்ளவேண்டும். தாப்பாவிலிருந்து மலையேறுகையில் ஆயிரம் மீட்டருக்கு ஏறத்தாழ ஆறு பாகை வெப்பம் குறையுமானால், 1,440 மீட்டர் உயரத்திலுள்ள தானா ராத்தாவில் எவ்வளவு குறையுமென்று கேளுங்கள். ஐந்து கிலோ பச்சைக் கொழுந்து ஏறத்தாழ ஒரு கிலோத் தூளாகுமென்றால், பாட்டி சுமந்த கூடை எத்தனை கிலோத் தூளாயிற்றென்று கேளுங்கள்.

பெண்ணுக்குக் கணக்கு எதற்கு என்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கூடை சுமந்தவர்களுள் பெரும்பாலோர் பெண்களல்லவா? இன்று கொழுந்து எடுப்போரிற் பலர் வேற்று நாட்டினராயினும், தராசின் கதை நம் வீடுகளில் மறந்துபோகவில்லை. ஒரு கூடை 48 கிலோ நிற்கிறதென்று வைத்துக்கொள்வோம். கூடைக்கு 3 கிலோ, ஈரத்துக்குப் பத்தில் ஒரு பங்கு தள்ளுபடி. கூடையை முதலிற் கழித்துப் பின் ஈரத்தைக் கழித்தால் மிஞ்சுவது 40½ கிலோ. ஈரத்தை முதலிற் கழித்துப் பின் கூடையைக் கழித்தாலோ 40 கிலோ 200 கிராம்தான். நடுவே 300 கிராம் எங்கே போயிற்று? இன்றிரவு சோறுண்ட பின் உங்கள் மகளிடம் இக்கேள்வியைக் கேளுங்கள். கூடைக்கும் சேர்த்து ஈரம் கழித்துவிட்டார்கள் என்று அவளே சொல்லட்டும்.