தாத்தா துப்பாக்கிக்கு லேத்தில் பின் கடையலாமா?

“அப்பா பேரில் பயிர்ப் பாதுகாப்பு லைசென்ஸோடு ஒற்றைக்குழல் 12 போர் துப்பாக்கி ஒன்று வீட்டில் இருக்கிறது. தாத்தா காலத்தில் வாங்கியது. நிலக்கடலையில் பன்றி இறங்குகிறதே என்று போன மாதம் அப்பா எடுத்துப் பார்த்தார். விசையை இழுத்தும் தோட்டா வெடிக்கவில்லை. பின் தேய்ந்திருக்கும் என்கிறார்கள். நான் ஒரகடத்தில் சி.என்.சி. லேத் ஓட்டுகிறேன். இதைவிட நுணுக்கமான பாகங்களைத் தினமும் கடைகிறோம். ஷிஃப்ட் முடிந்ததும் ஒரு பின் கடைந்து நானே மாட்டிவிடலாமா? ஸ்பிரிங்கையும் மாற்ற வேண்டுமா?”

வல்லக்கோட்டை பக்கத்திலிருந்து எழுதியிருக்கும் தம்பி, பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். போடவில்லை. செய்துவிட்டு எழுதாமல், செய்வதற்கு முன் கேட்டாரே, அதுவே பெரிய விஷயம்.

கடையாதீர்கள் தம்பி. உங்கள் கைத்திறனில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை காருக்கும் பைக்குக்கும் பாகம் செய்கிற ஊரில், இந்தச் சின்னக் கம்பியைக் கடைய ஆளா இல்லை? ஆனால் 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் பார்வையில் துப்பாக்கியின் பாகமும் துப்பாக்கிதான். 5-ம் பிரிவின்படி, துப்பாக்கியைச் செய்வதற்கு மட்டுமல்ல, ரிப்பேர் செய்யவும் தனி லைசென்ஸ் வேண்டும். அப்பாவிடம் இருப்பது வைத்திருக்க லைசென்ஸ். ரிப்பேர் செய்ய அது செல்லாது. மீறினால் 25-ம் பிரிவு. 2019-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்சத் தண்டனையே 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள். கம்பெனி மெஷினில் கடைந்தீர்கள் என்றால் உங்கள் வேலை போவதோடு நிற்காது, பட்டறை முதலாளியும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

சட்டத்தை விடுங்கள், முகத்துக்கு வருவோம். பின் ஒரு நூலிழை நீளமாகிவிட்டால் தோட்டாவின் அடியில் இருக்கிற கேப்பைத் துளைத்துவிடும். சூடான வாயு பின்பக்கமாகப் பீறிட்டு வரும், அங்கே இருப்பது சுடுகிறவரின் கண். பதம் கூடிப்போனால் பின் முறியும். முறிந்த முனை முன்னால் நீட்டியபடி சிக்கிக்கொண்டால், குழலை மூடும்போதே தோட்டா வெடிக்கலாம். அந்த நேரம் குழல் யார் பக்கம் இருக்கும் என்று சொல்ல முடியாது. லேத்தில் அளவு சரியாக வந்துவிடும். எந்த எஃகு, எவ்வளவு பதம் என்பது அந்தத் துப்பாக்கியைத் தெரிந்த கம்மியருக்குத்தான் தெரியும். ஸ்பிரிங்குக்கும் இதே பதில்தான்.

இன்னொன்று. கோளாறு பின்னில்தான் என்று யார் சொன்னது? வெடிக்காத தோட்டாவின் கேப்பைப் பாருங்கள். பள்ளம் ஆழமாக விழுந்தும் வெடிக்கவில்லை என்றால் பெரும்பாலும் தோட்டா நமுத்திருக்கும். வருடக்கணக்கில் தகரப்பெட்டியில் கிடந்த தோட்டாவா என்று அப்பாவைக் கேளுங்கள். பள்ளம் லேசாக விழுந்திருந்தால் பின்னோ ஸ்பிரிங்கோ பலவீனமாகியிருக்கலாம், அல்லது எண்ணெய்ப் பிசுக்கில் பின் ஒட்டியிருக்கலாம். நம் வீடுகளில் துப்பாக்கிக்கும் தேங்காய் எண்ணெய், கதவுக் கீலுக்கும் தேங்காய் எண்ணெய். அது காய்ந்து பசையாகிவிடும். துப்பாக்கிக்கென்று விற்கிற மெல்லிய எண்ணெயைத் துணியில் தொட்டுத் துடைத்தால் போதும். தோட்டா உள்ளே இல்லை என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, குழலைச் சுத்தம் செய்து எண்ணெய் தடவுவது லைசென்ஸ்காரர் வேலை. அதுவரைதான் வீட்டுப் பராமரிப்பு. திருகைக் கழற்றுவது இல்லை.

வெடிக்காத தோட்டாவை அப்பா உடனே வெளியே எடுத்தாரா என்று நீங்கள் எழுதவில்லை. இனிமேல் அப்படி நடந்தால், குழலை ஆள் இல்லாத பக்கம் நீட்டியபடி அரை நிமிடமாவது காத்திருந்து, பிறகு திறக்கச் சொல்லுங்கள். தாமதமாக வெடிக்கிற தோட்டாவும் உண்டு.

சரி, எங்கே கொண்டுபோவது? ரிப்பேர் செய்யவும் லைசென்ஸ் வாங்கிய ஆயுத வியாபாரியிடம். சென்னையில் இருக்கிறார்கள். கொண்டுபோக அப்பாவால் முடியவில்லையா? 3-ம் பிரிவிலேயே வழி இருக்கிறது. லைசென்ஸ்காரர் எழுத்தில் அனுமதி கொடுத்தால், லைசென்ஸ் இல்லாதவரும் ரிப்பேருக்காகத் துப்பாக்கியைக் கொண்டுபோகலாம். அந்தக் கடிதமும் அசல் லைசென்ஸும் கையில் இருக்க வேண்டும். தோட்டாவை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். பயிர்ப் பாதுகாப்பு லைசென்ஸில் எந்த எல்லைவரை செல்லும் என்று போட்டிருக்கும். சென்னை அதற்கு வெளியே என்றால், லைசென்ஸ் கொடுத்த அலுவலகத்தில் முதலில் எழுதிக் கேளுங்கள். உங்கள் பக்கத்துக் கிராமங்கள் சில 2022 முதல் தாம்பரம் காவல் ஆணையரகத்தில் சேர்ந்துவிட்டன. கலெக்டர் அலுவலகமா, கமிஷனர் அலுவலகமா என்பதை ஸ்டேஷனில் விசாரித்துக்கொண்டு போனால் அலைச்சல் மிச்சம்.

கடிதத்தின் கடைசியில் அப்பாவுக்கு 72 வயது என்று எழுதியிருக்கிறீர்கள். 2016-ம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, லைசென்ஸ்காரருக்கு 70 வயது ஆனாலோ, துப்பாக்கியை 25 ஆண்டு வைத்திருந்தாலோ, தன் வாரிசு ஒருவர் பேருக்குக் கேட்கலாம். தேவை என்றால் அவர் இருக்கும்போதே செய்யுங்கள். லைசென்ஸ்காரர் போன பிறகு அந்தத் துப்பாக்கி பரணில் இருந்தால், வீட்டில் இருக்கிறவர்கள்தான் குற்றவாளி. தேவை இல்லையா, ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ளலாம்.

தேவையா என்று நான் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. துப்பாக்கி சரியாகிவிட்டாலும் பன்றியை நீங்கள் சுட முடியாது. காட்டுப்பன்றி வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 2-ம் பட்டியலில் இருக்கிறது. 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தபடி, காப்புக்காட்டிலிருந்து 1 கி.மீ.க்குள் சுடவே கூடாது, 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விடுவார்கள், 3 கி.மீ. தாண்டினால் சுடலாம். அப்போதும் சுடுவது வனத்துறை, விவசாயி இல்லை. கடலை போன வயலைப் போட்டோ எடுத்து, வனச்சரக அலுவலகத்தில் இழப்பீட்டுக்கு மனு கொடுங்கள். பின்னுக்குச் செலவழிக்கிற நேரத்தை அதில் செலவழித்தால் பலன் உண்டு என்பது என் அபிப்பிராயம்.

“மகள் பள்ளியில் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் பழகுகிறாள். பழையது ஒன்று வாங்கினோம். காற்று கசிகிறது. வாஷர் மாற்றலாமா, அதற்கும் லைசென்ஸ் வேண்டுமா?”
ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரு தாய்

அம்மா, மேலே சொன்னதைப் படித்துப் பயந்துவிடாதீர்கள். 4.5 மி.மீ. குழல், 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றல் என்றால் ஏர் பிஸ்டலுக்கு லைசென்ஸ் தேவை இல்லை. வாங்கிய ரசீதை மட்டும் பத்திரமாக வையுங்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இதே 10 மீட்டர் ஏர் பிஸ்டலில், கலப்பு அணிப் பிரிவில் மனு பாக்கரோடு சேர்ந்து வெண்கலம் வாங்கிய சரப்ஜோத் சிங், ஹரியானாவில் ஒரு விவசாயி மகன்.

கசிவு பெரும்பாலும் ஓ-ரிங்கில்தான். ஆனால் பிஸ்டலை ஒட்டிய சிலிண்டர் வகையா, உள்ளே ஸ்பிரிங் வகையா என்று பாருங்கள். ஸ்பிரிங் வகையை வீட்டில் பிரிக்க வேண்டாம், அழுந்தியிருக்கிற ஸ்பிரிங் பாய்ந்தால் பல்லைப் பெயர்த்துவிடும். சிலிண்டர் வகை என்றால், குண்டு இல்லை என்று பார்த்து, சிலிண்டரைக் கழற்றி, உள்ளே மிஞ்சிய காற்றையும் வெளியேற்றிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். அந்தக் கம்பெனியின் ரிங் செட்டையே வாங்குங்கள். மோட்டார் கடையில் கிடைக்கிற ரிங் பார்வைக்குப் பொருந்தும், ஆனால் அழுத்தம் தாங்காது. சிலிக்கான் கிரீஸ் துளி போதும். சாதாரண எண்ணெய், வாஸ்லின் எதுவும் கூடாது, அதிக அழுத்தக் காற்றில் எண்ணெய் தீப்பிடிக்கும். சிலிண்டரில் தயாரித்த தேதி பொறித்திருக்கும். பொதுவாக 10 ஆண்டுதான் அதன் ஆயுள். பழையதாக வாங்கியிருப்பதால், ரிங் வாங்குவதற்கு முன் அந்தத் தேதியைப் படித்துவிடுங்கள்.